அரையாண்டு லீவு முடிந்து: ஜனவரி மாத வருகைப் பதிவேட்டை வாசித்தல்

1

அரையாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் பாடம் நடக்காது. கூட்டுமாறுதான் முதலில் வெளியே வரும். பத்து நாள் பூட்டிக் கிடந்த கட்டடம். தாழ்வாரத்தில் ஆட்டுப் புழுக்கை, சீட்டாடியவர்கள் போட்டுவிட்டுப் போன பீடித்துண்டு, மூலைக்கு மூலை ஒட்டடை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய சுவரிலிருந்து பொருக்குப் பொருக்காய் உதிர்ந்த சுண்ணாம்பு. 'மொதல்ல எல்லாத்தயும் கூட்டி வாருங்கடா, அப்புறந்தான் மத்ததெல்லாம்' என்பார் சார்.

விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தொடக்கப்பள்ளி அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஐந்தாம் வகுப்புக்கு நான் 'லீடர்'. யார் யார் எந்த வேலை செய்வது என்று சிலேட்டில் பெயர் எழுதிக் காட்டுவது என் பொறுப்பு. வகுப்பறை கூட்ட ஐந்து பேர், தண்ணீர்ப்பானை நிரப்ப இரண்டு பேர், கக்கூஸ் கழுவ மூன்று பேர். சார் சிலேட்டை வாங்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஒரு பெயரைக்கூட அவர் மாற்றவில்லை.

எம்.ஏ. படிக்கும்போது ஒருநாள், எதையோ வாசித்துக் கொண்டிருக்கையில், அந்தச் சிலேட்டு நினைவுக்கு வந்தது. பானைக்கு எழுதிய இரண்டு பேரும் என்னைப் போல ஊர்ப்பிள்ளைகள். கக்கூசுக்கு எழுதிய மூன்று பேரும் காலனிப்பிள்ளைகள். இப்படித்தான் எழுத வேண்டுமென்று சாரோ வீட்டிலோ யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பத்து வயதில் 'ல'கர 'ள'கரம் குழம்பும் எனக்கு. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பிழை இல்லை.

விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாட்கள் என்றால் புதுச் சட்டை, புதுப் புத்தகம், 'லீவுல எங்கடா போன?' என்கிற நினைவேக்கமாகத்தான் நம்மில் பலரும் எழுதுகிறோம். அந்த நாட்களில் பள்ளி என்கிற நிறுவனம் என்ன செய்கிறது, யாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, யாரைக் கைவிடுகிறது என்பதை விளக்க முயல்வதே இக்கட்டுரை. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பிரதி, ஜனவரி மாத வருகைப் பதிவேடு.

2

முதலில் காலம். நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் முடிகிறது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. கிறிஸ்துமஸை ஒட்டி விடுமுறை. புத்தாண்டு கழிந்ததும் திறப்பு. 2012-13இல் முப்பருவ முறை வந்தபின் இந்தத் திறப்பே மூன்றாம் பருவத்தின் தொடக்கமும் ஆனது. அதற்கென்று தனிப் புத்தகம் வந்தது. ஆனால் திறந்த பத்துப் பன்னிரண்டு நாளில் பொங்கல் லீவு வந்துவிடும். ஆக ஜனவரியின் முதல் பாதி என்பது இரண்டு விடுமுறைகளுக்கு நடுவில் கிடக்கும் ஒரு சின்னத் திட்டு.

இந்த நாட்காட்டி யாருடையது? காலனிய அலுவலகமும் மிஷன் பள்ளியும் விட்டுச்சென்ற காலக்கணக்கு இது. கிராமத்தின் உழைப்புக் காலம் வேறு. மார்கழிக் கடைசியிலும் தையிலும்தான் சம்பா அறுப்பு. சர்க்கரை ஆலைகளின் அரைவைப் பருவம் இந்த மாதங்களில்தான் சூடு பிடிக்கும். மழை ஓய்ந்து மண் உலர்ந்தால் செங்கல் சூளையில் கல் அறுக்கத் தொடங்குவார்கள். கிராமம் முழுக்கக் கையும் காலுமாய் இயங்கும் நேரத்தில் பள்ளி, 'வா, வந்து உட்கார்' என்கிறது.

தொழிற்சாலையின் கடிகார ஒழுங்கு மனித உடல்களுக்குள் எப்படிப் புகுத்தப்பட்டது என்பதை 1967இல் எழுதிய நெடுங்கட்டுரையில் இ.பி. தாம்ஸன் விவரித்தார். வேலையை ஒட்டி நேரம் என்றிருந்தது மாறி, நேரத்தை ஒட்டி வேலை என்றானதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு என்பது அவர் காட்டுவது. ஃபூக்கோ 1975இல் சிறைச்சாலையின் பிறப்பைப் பற்றி எழுதிய நூலில் பள்ளியின் கால அட்டவணை, இருக்கை வரிசை, தேர்வு ஆகியவற்றைப் படைமுகாமுக்கும் மருத்துவமனைக்கும் பக்கத்தில் வைத்துப் பேசினார். அதிகாரம் அடித்து மட்டும் வேலை செய்வதில்லை, வரிசைப்படுத்தியும் பெயர் எழுதியும் வேலை செய்கிறது என்பது இதன் சாரம்.

இதை நம்மூர்த் தொடக்கப்பள்ளியில் ஜனவரி முதல் வாரத்தில் கண்ணால் காணலாம். பத்து நாள் வெயிலில் திரிந்து, குளத்தில் குதித்து, ஆடு ஓட்டி, இஷ்டத்துக்குத் தூங்கி எழுந்த உடம்பை மறுபடியும் கைகட்டி, வாய்பொத்தி உட்கார வைக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாதிப் பாடத்தில் எழுந்து வீட்டுக்கு நடந்துவிடும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து மறந்திருக்கும். வாய்ப்பாடு தொண்டையில் சிக்கும். 'லீவு உட்டா எல்லாத்தயும் தின்னுட்டு வந்துடுதுங்க' என்று டீச்சர்கள் அலுத்துக்கொள்வது முழுப் பொய் அல்ல. மறந்துதான் போகிறது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் மறப்பதில்லை. வீட்டில் செய்தித்தாளும் படித்த அக்காவும் இருக்கிற பிள்ளைக்கு லீவிலும் எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இல்லாத பிள்ளை பின்தங்கியதாகத் தெரியும். பள்ளி இதை 'மந்தம்' என்று பெயரிட்டுப் பிள்ளையின் மூளைக்குள் வைத்துவிடுகிறது. வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு, மதிப்பெண்ணுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாடாக மொழிபெயர்க்கப்படுகிறது.

3

அடுத்தது வயிறு. திறக்கும் நாளில் எங்கள் பள்ளியில் கூட்டம் குறைந்ததே இல்லை. காரணம் பாடம் அல்ல. அன்றைக்குச் சத்துணவு உண்டு.

1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு; 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர் ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15இல் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. இந்த வரிசையைச் சாதனைப் பட்டியலாக மேடையில் வாசிக்கிறார்கள். பிள்ளையின் தட்டிலிருந்து இதைத் திருப்பி வாசித்துப் பார்க்கலாம். அரசு தரும் சோறு எவ்வளவு கூடுகிறதோ, விடுமுறை நாளில் அந்தப் பிள்ளை இழப்பதும் அவ்வளவு கூடுகிறது. முன்பு லீவு என்றால் ஒரு வேளைச் சோறு போகும். இப்போது இரண்டு வேளை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. கொரோனாவில் 2020 மார்ச் மாதம் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குத் தரப்பட்டன. பள்ளி மூடியிருந்தாலும் சோறு போய்ச் சேர முடியும் என்பது அப்போதே நிரூபிக்கப்பட்டுவிட்டது. அரையாண்டு லீவின் பத்து நாளுக்கு ஏன் முடியாது என்று கேட்க வேண்டியது நாம்தான்.

4

இனிப் பதிவேடு. ஜனவரி முதல் வாரத்தில் வருகை நிறைந்திருக்கும். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை பாருங்கள். எங்கள் பக்கம் காலனியிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்புவது பெரும்பாலும் பொங்கலுக்குப் பிறகுதான். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது மேஸ்திரி தந்த முன்பணம் தின்று தீர்ந்திருக்கும். கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முன்பணம் என்ற பெயரில் அது பின்வாசல் வழியாக வந்தபடியே இருக்கிறது. சூளையில் கூலி ஆளுக்கு அல்ல, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. எனவே மண் குழைக்க, காய்கிற கல்லைத் திருப்பிப் போட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளையும் போக வேண்டும். எங்கள் ஊரார் வெளியே போகும் இதே பருவத்தில், ஒடிசாவிலிருந்து திருவள்ளூர்ச் சூளைகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் மொழியும் தெரியாமல் அங்கே மண்ணில் நிற்கிறார்கள்.

என் சிலேட்டில் கக்கூசுக்கு எழுதப்பட்ட மூவரில் ஒருவன் கணக்கில் கெட்டிக்காரன். அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவன் வரவில்லை. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் நாள்தோறும் ஒரு குறி. குடியரசு தினத்தன்று பதிவேட்டுக் கணக்குப்படி சார் மிட்டாய் வாங்கி வந்தார். கொடியேற்றி, பாட்டுப் பாடி, கொடுத்து முடித்தபின் மிட்டாய் மிஞ்சியது. மிஞ்சியதை லீடரான எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தந்தார். வராதவர்களின் பங்கு அது. தின்றோம். 'அவன் எங்க சார்?' என்று நான் கேட்கவில்லை. சார் கேட்டிருந்தால் நானே பதில் சொல்லியிருப்பேன்: 'சூளைக்குப் போயிட்டான் சார்.' மழை பெய்தது என்பது போல அவ்வளவு இயல்பாக.

அல்தூஸர் 1970இல் எழுதிய கட்டுரையில், முன்னர் தேவாலயம் இருந்த இடத்தில் இன்று பள்ளியே முதன்மையான கருத்தியல் அரசுக் கருவியாக இருக்கிறது என்றார். கருத்தியல் நம்மைப் பெயர் சொல்லி விளிக்கிறது, நாம் திரும்பிப் பார்க்கிறோம், அந்தத் திரும்பலிலேயே அதன் தன்னிலைகளாகிறோம் என்றார். எனக்கு இது கடினமான கோட்பாடாகத் தோன்றியதே இல்லை. 'லீடர்!' என்று விளித்தார்கள், திரும்பினேன், சிலேட்டை எடுத்து எழுதினேன். ஆனால் ஒன்றை அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் சூழலில் இந்த விளிப்பு எல்லோருக்கும் பொதுவானதல்ல. என்னை லீடராக விளித்த அதே வாய் அவனைக் கழுவுகிறவனாக விளித்தது. வர்க்கம் மட்டும் இதை விளக்கிவிடாது. அவன் அப்பாவைப் போலவே என் அப்பாவும் கடனாளிதான்.

5

இங்கே நம் நண்பர்கள் இரண்டு முடிவுகளுக்குத் தாவுகிறார்கள். ஒன்று, பள்ளி என்பதே சிறை, அதைக் கலைக்க வேண்டும் என்பது. 1971இல் இவான் இல்லிச் எழுதியதை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுவது எளிது. ஆனால் அந்தச் சிறைக்குள் நாலு மாதம் கூடுதலாக இருக்க முடிந்திருந்தால் என் வகுப்புத் தோழனின் கதை வேறாக இருந்திருக்கும். பள்ளியின் ஒழுங்கு எனக்குத் தளை. அவனுக்கோ சூளையின் ஒழுங்கிலிருந்து கிடைத்த ஐந்து மணிநேர விடுதலை. பெற்றவனே வேண்டாமென்று தள்ள முடியும். கிடைக்காதவனிடம் போய்த் தள்ளு என்பது என்ன நியாயம்?

இரண்டாவது முடிவு இன்னும் மென்மையானது, அதனால் இன்னும் ஆபத்தானது. உழைப்புக் காலத்துக்கு ஏற்பப் பள்ளி நாட்காட்டியை மாற்றலாம், வேலைப் பருவத்தில் விடுமுறை விட்டுவிடலாம் என்பது. நானும் சில காலம் இப்படி நினைத்தவன்தான். ஆனால் நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளி நேரத்தை நாளைக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் 'குலக்கல்வி' என்று பெயர்சூட்டி எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலகினார். காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளையைக் குடும்ப உழைப்புக்குத் திருப்பித் தருகிற எந்த நேர ஒதுக்கீடும் சாதியச் சமூகத்தில் சாதித் தொழிலுக்கே திருப்பித் தரும் என்பதுதான் அந்தப் போராட்டம் விட்டுச்சென்ற பாடம். நாட்காட்டி அந்நியமானதுதான். ஆனால் வளைய வேண்டியது நாட்காட்டி அல்ல, முன்பணமும் சூளையும்.

6

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் நமக்குப் பயன்படும் பிரிவுகள் உண்டு. இடம்பெயரும் பிள்ளை வேறு பள்ளிக்கு மாற உரிமை உண்டு; மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். உடல் தண்டனைக்கும் மன வதைக்கும் தடை உண்டு. சாதி பார்த்துக் கக்கூஸ் கழுவ விடுவது மன வதை இல்லையென்றால் வேறு எது மன வதை? பெற்றோர் வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளை ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதி கேட்கலாம். சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்தார்களா என்று போய்ப் பார்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று உண்டு. பள்ளி திறந்த ஜனவரி முதல் வாரத்தில் ஒருமுறையும், பொங்கல் கழிந்த அடுத்த வாரத்தில் ஒருமுறையும் உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குப் போய், இரண்டு நாள் வருகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது பதிவேடு கைப்பேசிச் செயலிக்குள் போய்விட்டது. சிவப்பு மை இல்லை. ஆனாலும் வராத பெயர்கள் யாருடையவை என்று ஆசிரியருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பெயர்களை வாங்கிக்கொண்டு அவர்கள் தெருவுக்குப் போய் விசாரியுங்கள். திரும்பும்போது ஒன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்: அன்றைக்குக் கக்கூஸ் கழுவியது யார்?

என் வகுப்புத் தோழனைப் பல வருஷம் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். 'இன்னாப்பா லீடரு, நல்லாயிருக்கியா?' என்றான். இருபது ஆண்டுக்கு மேலாகியும் அவன் என்னை அந்தப் பெயரால்தான் விளித்தான். நானும் திரும்பித்தான் பார்த்தேன்.