கண்ணாடி காட்டிய வழி

சென்னைத் துறைமுகத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் கடற்கரையில் வாழ்பவருள் பெரும்பாலோர் தம் கைகளை நம்பி வாழ்பவர். மூட்டை சுமப்போரும், வலை இழுப்போரும், ஆலைத் தொழிலாளரும் அங்கே மிகுதி. அவருள் ஒருவருக்கு ஒரு நாள் விடியலில் வலக்கை அசையவில்லை, வாய் கோணியிருக்கிறது, மனைவியை அழைக்க முயல்கிறார், சொல் எழவில்லை என்று வைத்துக்கொள்வோம். அறிவும் போய்விட்டதோ என்று சுற்றத்தார் அஞ்சுகின்றனர். மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்வது தடைபடுவதாலோ, இரத்தக் குழாய் வெடிப்பதாலோ வரும் இந்நோயே பக்கவாதம்.

சொல் போனால் அறிவும் போய்விடுமா? 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா, ‘டான்’ என்னும் ஓரசையன்றி வேறொன்றும் பேச இயலாத நோயாளி ஒருவரைக் கண்டார். பிறர் கூறியவற்றுள் பெரும்பாலானவை அவருக்கு விளங்கின. விடைதான் சொல்லாக வெளிவரவில்லை. அவர் இறந்தபின் ஆராய்ந்தபோது, மூளையின் இடப்பாதியில், முன்புறத்தே சேதம் காணப்பட்டது. பெரும்பாலோர்க்கு மொழியை ஆள்வது இடப்பாதியே; வலக்கையை இயக்குவதும் அதுவே. ஆதலின்தான் வலக்கையும் வாய்ச்சொல்லும் பல வேளைகளில் ஒருங்கே முடங்குகின்றன.

வடசென்னை மக்கள் நோயுற்றால் நாடிச் செல்வது இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவமனையை. பஞ்ச காலத்தில் கஞ்சி வார்த்த சத்திரத்திலிருந்து அது வளர்ந்தது. அதனால் முதியோர் அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே வழங்கினர். அதனைச் சார்ந்த கல்லூரியில் மருத்துவம் பயின்றவர், 1951-இல் பிறந்த விளையனூர் சு. இராமச்சந்திரன். பின்னர்க் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, 1983 முதல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடத்தினார்.

கையை இழந்தோர் சிலர், இல்லாத அக்கை இன்னும் இருப்பதாகவும், மடங்கியபடியே வலிப்பதாகவும் கூறுவர். 1990-களில் இராமச்சந்திரன் ஓர் அட்டைப் பெட்டியின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையை அதன் முன் வைத்து அசைத்தால், அதன் நிழலுரு இழந்த கையே அசைவது போல் தோன்றும். அவ்வாறு கண்ட சிலருக்கு மடங்கிய கை விரிந்தது போன்ற உணர்வு பிறந்தது, வலியும் தணிந்தது.

இம்முறை வாதத்தால் தளர்ந்த கைக்கும் உதவுமா? ‘அசை’ என்று மூளை ஆணையிட, ‘அசையவில்லை’ என்று கண் மீண்டும் மீண்டும் அறிவித்தால், இயலாமையையே மூளை கற்றுக்கொள்கிறது என்பது அவர் கருத்து. 1999-இல் ஆல்ட்சூலர் முதலியோருடன் சேர்ந்து ஒன்பது நோயாளிகளிடம் இதனைச் சோதித்தார். ஒப்பிடுவதற்காக, கண்ணாடிக்குப் பதில் ஊடே பார்க்கத்தக்க பிளாஸ்டிக் தகடும் வைக்கப்பட்டது. கண்ணாடிப் பயிற்சியே மிகுந்த பயன் தந்தது. ஒன்பது பேர் சான்றாகப் போதுமா என்று நீங்கள் வினவலாம், வினவுதல் முறையே. 2018-இல் 62 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்களும், பிற பயிற்சிகளோடு இதுவும் கையியக்கத்திற்குத் துணையாகும் என்றனர். மாண்ட உயிரணுக்களைக் கண்ணாடி எழுப்பாது. எஞ்சியவை புதுவழி கற்க அது உதவுகிறது.

சொல்லுக்கும் அத்தகைய மாற்றுவழி உண்டோ? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கூர்முனைகள் கொண்ட உருவம் ஒன்றும் வளைந்து உருண்ட உருவம் ஒன்றும் வரைந்து, ‘கிகி’ எது, ‘பூபா’ எது என்று நண்பரைக் கேளுங்கள். இராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001-இல் எழுதியபடி, ஏறத்தாழ 100-க்கு 95 பேர் கூரியதையே ‘கிகி’ என்பர். தமிழ் பேசுவோரும் அவ்வாறே கூறினர். மொழி தனியறையில் பூட்டி வைத்த பொருளன்று. கண்ணோடும் செவியோடும் பிணைந்தது. பேச இயலாத நோயாளர் சிலர் பாட வல்லவராய் இருப்பதும் வியப்பே. அதனைக் கொண்டு, இசையின் துணையால் பேச்சை மீட்கும் பயிற்சியை 1973-இல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

இவை யாவும் பிற்காலப் பயிற்சிகள், முதற்கடமை விரைவேயாகும். முகம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். பிழைத்தவர் பேசாதிருந்தால், அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசாதீர்கள்; அவரோடு நிதானமாகப் பேசுங்கள்; விடைக்குக் காத்திருங்கள். சொல்ல வேண்டியது அவர் உள்ளத்தில் இருக்கலாம். அது வெளிவரும் வழியைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.