சாமான் ஏலம்போன வீட்டில் என்ன இருக்கிறது?

பாரிஸில் பிளாஸ் தே வோஜ் சதுக்கத்தின் 6-ஆம் எண் கட்டடத்தில், இரண்டாம் மாடியில், 1832 முதல் 1848 வரை வாடகைக்குக் குடியிருந்தார் விக்டர் ஹியூகோ. தமிழில் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தந்த நாவலை அவர் எழுதத் தொடங்கியது இங்கேதான். 1903 முதல் இது மாநகராட்சியின் அருங்காட்சியகம். பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது: உள்ளே இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை, அவர் குடியிருந்த நாளில் அங்கே இருந்தவை அல்ல.

1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதும் ஹியூகோ நாட்டைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே அவருடைய தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்தில் போயின. இன்று பாரிஸ் வீட்டில் எல்லாரையும் நிறுத்தி வைக்கும் சீனப் பாணிக் கூடம், அவர் நாடுகடந்து வாழ்ந்த கெர்ன்சித் தீவில் காதலி ஜூலியத் துருவேயின் வீட்டுக்காக அவரே வடிவமைத்தது. கடைசி அறையில் இருப்பது அவர் 1885-இல் உயிர்விட்ட படுக்கையறை. அதுவும் பாரிஸின் வேறொரு வீட்டிலிருந்து வந்ததுதான். நண்பர் போல் மெரீஸ் தம் சேகரிப்பை நகரத்துக்குக் கொடுக்க, அதை வைக்க மாநகராட்சி ஒதுக்கிய இடம் இந்தக் கட்டடம்.

அப்படியானால் இது ஒட்டுப்போட்ட வீடு, ஜோடனை என்று சிலர் முகம் சுளிக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அசல் வீடு என்ன பாடுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கெர்ன்சியில் ஹியூகோ 1856-இல் வாங்கிய ஓத்வில் ஹவுஸும் பாரிஸ் மாநகராட்சிக்கே சொந்தம். வாரிசுகள் 1927-இல் கொடுத்தார்கள். (பிரான்ஸுக்கு வெளியே ஒரு மாநகராட்சிக்கு வீடு!) கதவு, சுவர், கூரை எல்லாம் அவர் கைபட்டவை. அதனாலேயே அங்கே கட்டுப்பாடு அதிகம்: சிறு குழுக்களாக, வழிகாட்டியோடுதான் நுழையலாம், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். பாரிஸ் வீட்டுக்கு இந்தச் சிறை இல்லை. வெறுமையான அறைகளாக வந்ததால்தான், நாடுகடந்து போவதற்கு முன், போன காலம், திரும்பிய பின் என்று ஒரு வாழ்க்கையையே அங்கே அறை அறையாகப் பிரித்துக் காட்ட முடிந்தது. அசலைக் காப்பது ஒரு பணி, ஊராருக்குக் கதவைத் திறப்பது இன்னொரு பணி. இரண்டையும் ஒரே வீட்டின் தலையில் கட்டக் கூடாது.

பாரிஸ் வீட்டைப் பார்க்கக் கட்டணம் இல்லை; வரிப்பணத்தில் ஏன் இலவசம் என்பது அடுத்த மறுப்பு. எல்லாமே இலவசம் இல்லை. முதல் மாடியில் அவ்வப்போது நடக்கும் கண்காட்சிகளுக்குச் சீட்டு உண்டு. எழுத்தாளர் வாழ்ந்த அறைகளுக்கு மட்டும் காசு கேட்பதில்லை. ஏழைகளைப் பற்றி எழுதியவரின் வாசலில் காசு கேட்டிருந்தால்தான் கூச்சமாக இருந்திருக்கும். பாரிஸ் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.