ஜங்கிள் ஜிம்முக்கும் எவரெஸ்டுக்கும் சொந்தம் உண்டு... தெரியுமா?

நாலு கால், ஒரு உத்தரம், இரண்டு சங்கிலி, ஒரு சறுக்குமரம். கொல்லையில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சட்டகம் கட்ட இவ்வளவு போதும் என்றுதான் நினைப்போம். ஆனால் அதற்குள் கணித மேதைகள், உலகப்போர், அணுகுண்டு என்று என்னென்னவோ ஒளிந்திருக்கிறது! வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணக்குப் பாடம்தான் ஜங்கிள் ஜிம் ஆனது!

பிள்ளைகள் ஏறித் தொங்கும் கம்பிக்கூண்டுக்கு 1923-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்து வழக்கறிஞர் செபாஸ்டியன் ஹின்டன். ஆனால் யோசனைக்கு விதை போட்டவர் அவருடைய அப்பா! கணித ஆசிரியரான சார்லஸ் ஹின்டன், நான்காம் பரிமாணத்தைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தவர். ஜப்பானில் வேலை பார்த்தபோது, முப்பரிமாணம் தன் பிள்ளைகளின் உடம்பிலேயே ஊற வேண்டும் என்று மூங்கில் கழிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டார். அவர் மூன்று எண்களைச் சொல்ல, எந்த முடிச்சு என்று கண்டுபிடித்துப் பிள்ளைகள் அங்கே பாய்ந்து ஏற வேண்டும். செபாஸ்டியன் மனதில் கடைசியில் நின்றது கணக்கல்ல, ஏறிய குஷிதான்!

இந்த சார்லஸ் சாதாரண ஆள் இல்லை. 1897-ல் பிரின்ஸ்டனில், பேஸ்பால் பந்தை வெடிமருந்தால் சுட்டு வீசும் எந்திரத்தையே செய்தவர்!

பரங்கிமலை வரை நீளும் சொந்தம்!

சார்லஸின் மனைவி மேரி எலன் யார் தெரியுமா? இன்றைய கணினிகளுக்கெல்லாம் அடிப்படையான தர்க்கக் கணிதத்தைத் தந்த ஜார்ஜ் பூலின் மகள். மேரி எலனின் அம்மா மேரி எவரெஸ்ட்டோ, ஜார்ஜ் எவரெஸ்டின் உடன்பிறந்தவரின் மகள். ஆமாம், சிகரத்துக்குப் பெயர் தந்த அதே எவரெஸ்ட்! 1802-ல் நம் சென்னை பரங்கிமலை அருகே பிரிட்டிஷ் அதிகாரி லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவையை, அவருக்குப் பின் நடத்திச் சென்றவர்.

இன்னொரு ஆச்சரியம்: செபாஸ்டியனின் மகள் ஜோன் ஹின்டன், லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். பிறகு சீனாவுக்குப் போய் மாட்டுப் பண்ணை நடத்தினார்!

கழற்றப்படாத ஊஞ்சல்!

இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் பொறியாளர் சார்லஸ் விக்ஸ்டீட் ஒரு பூங்கா அமைத்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று மரக்கம்பங்களை நட்டு, தற்காலிகமாகத்தான் ஊஞ்சல் கட்டினார். பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர், அதைக் கழற்றவே இல்லை. கடைசியில் விளையாட்டுச் சாதனங்கள் செய்வதே அவர் தொழிலானது!

இதற்கு நேர் எதிர் டென்மார்க் கதை. கட்டிக் கொடுத்த பூங்காவைவிட, கிடக்கும் பலகையும் செங்கல்லும்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று கவனித்தார் நிலவடிவமைப்பாளர் சோரன்சன். 1943-ல், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோதே, கோபன்ஹேகனின் எம்ட்ருப் பகுதியில் பழைய சாமான்களைக் கொண்டு பிள்ளைகளே கட்டி விளையாடும் திடல் திறக்கப்பட்டது!

30 கிலோ பிள்ளை 90 கிலோ ஆகும்!

ஊஞ்சல் சங்கிலி தரைக்கு இணையாக வரும் அளவுக்கு உயரப் போய் இறங்கினால், அடிப்புள்ளியில் சங்கிலி தாங்குவது பிள்ளையின் எடையைப்போல மூன்று மடங்கு! உத்தரம் போடும்போது இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும்.

அதற்கும் வழி இருக்கிறது. 2 அங்குலம் தடிமன், 6 அங்குலம் அகலம் உள்ள பலகையைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். அதே மரம், அதே காசு. ஆனால் வலிமை மூன்று மடங்கு, வளையாமல் நிற்கும் விறைப்பு ஒன்பது மடங்கு!

ஒரு ஆறுதல்: உட்கார்ந்து நிதானமாக ஆடும்போது, அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரே நேரம்தான். அதைத் தீர்மானிப்பது சங்கிலியின் நீளம், ஆளின் எடை அல்ல. எட்டடிச் சங்கிலியில் சுமார் 3 விநாடி.

புல்தரை மெத்தை அல்ல!

இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பிள்ளை தரையைத் தொடும் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல்! கீழே புல் இருக்கிறதே என்பீர்கள். மிதிபட மிதிபட அது கட்டாந்தரைதான். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்வது: ஏழடி உயரம் வரை உள்ள சாதனத்துக்குக் கீழே 9 அங்குலத்துக்கு மரச்சில்லு கொட்டுங்கள், மணல் என்றால் ஐந்தடி உயரம் வரைதான் சரி. அதுவும் சுற்றிலும் ஆறடிக்குப் பரவ வேண்டும்.

அளவுநாடா சொல்லும் இன்னொரு ரகசியம்: மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட சந்துதான் ஆபத்து. உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும்!

மடியில் வைத்துச் சறுக்காதீர்கள்!

பாசத்தில் செய்வதுதான். ஆனால் குழந்தையின் செருப்பு ஓரத்தில் மாட்டினால் கால் நின்றுவிடும். பெரியவர் எடையோடு உடம்பு மட்டும் கீழே போகும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தனியாகச் சறுக்கும் குழந்தைக்கு இந்த அபாயம் மிகக் குறைவு.

மரத்திலே விஷமா? ஆமாம்! கரையான் வராமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தில்தான் அமெரிக்கக் கொல்லைகளில் பல காலம் விளையாட்டுச் சட்டகங்கள் எழுந்தன. 2003 கடைசியோடு வீட்டு உபயோகத்துக்கு அது நிறுத்தப்பட்டது.

கடைசியாக ஒன்று. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் உத்தரத்தின் உயரத்தைப்போல தலா இரு மடங்கு இடம் வேண்டும். எட்டடி உத்தரம் என்றால் மொத்தம் 32 அடி! அவ்வளவு இடம் இல்லையா? கவலை வேண்டாம். உத்தரத்தை ஓரடி தாழ்த்தினால் நாலடி மிச்சம். எனவே ஆசாரியைக் கூப்பிடும் முன்பே கொல்லையை அளந்துவிடுங்கள். வண்ணத்துக்கும் கூரைக்கும் ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை, விழுகிற இடத்துக்குச் செலவழியுங்கள்!