சாரைத் தோலா, ஆட்டுத் தோலா?

கைப்பை என்பது இக்காலத்துப் பெண்மணிகளுக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. ஆபீஸுக்குச் செல்பவரும், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவரும், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவரும் அதில்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை. அதை நம் வீட்டிலேயே நம் கையால் தைத்துக் கொண்டால் என்ன என்று பலருக்குத் தோன்றுவது இயல்பே. தோன்றியவுடன் ஒரு கேள்வியும் வந்து நிற்கிறது: எந்தத் தோலில் தைப்பது? உலகத்தின் பெரிய நகரங்களில் கண்ணாடி அலமாரிக்குள் கொலு வீற்றிருக்கும் மிக உயர்ந்த விலைப் பைகள் முதலைத் தோலிலும் மலைப்பாம்புத் தோலிலும் செய்தவை. அபூர்வமான தோலில் செய்தால்தான் பை அழகாயிருக்கும் என்ற எண்ணம் அதனால் வேரூன்றிவிட்டது.

இந்த எண்ணத்தின் பலனை அனுபவித்தவை நம் வயல்கள்தாம். கீழ்பென்னாத்தூரைச் சுற்றி நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைகின்றன. விளைச்சல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் சாரைப்பாம்பு உண்டு. விஷமற்ற அந்தப் பிராணி சம்பளம் வாங்காமல் வரப்பைக் காவல் காக்கிறது. ஆனால் சென்ற நூற்றாண்டில் மேல்நாட்டுச் சீமாட்டிகளின் பைக்கும் பாதரட்சைக்கும் பாம்புத் தோல் வேண்டியிருந்தது. வட தமிழ்நாட்டில் அதைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இருளர்கள். மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே இன்ன பாம்பு, இந்தப் பக்கம் போயிற்று என்று சொல்லும் வித்தை அவர்களுடையது. அந்த வித்தைக்கு வியாபாரிகள் கொடுத்த கூலி சொற்பம், இலாபமெல்லாம் கப்பலேறிற்று.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புகள் பிழைத்தன, இருளர்களின் அடுப்போ அணைந்தது. ஒரு தொழிலைத் தடுப்பது சுலபம், அதற்குப் பதில் ஒரு தொழிலைக் கொடுப்பதல்லவா கஷ்டம்? அதையும் செய்து காட்டினார்கள். 1978-ல் மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து பாம்புக் கடிக்கு மருந்து தயாராகிறது. இந்தத் துறையில் வல்லவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தோலுக்காகக் கொன்ற காலத்தில் கிடைக்காத மதிப்பு, உயிரோடு விட்ட காலத்தில் கிடைத்தது.

ஆகவே பாம்பு, உடும்பு, முதலை ஆகியவற்றின் தோலை நேயர்கள் மறந்துவிடலாம். அவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். பாட்டனார் காலத்துத் தோல் ஒன்று பரணில் கிடந்தால்கூட, வனத்துறையினரைக் கேளாமல் அதில் கத்தரி வைக்கவேண்டாம். செதில் அழகுதான் வேண்டும் என்போருக்கு, முதலைத் தோல் போலவே சூட்டச்சு அழுத்திய ஆட்டுத் தோல் கடைகளில் கிடைக்கிறது. ஆயினும் வேஷம் போடாத ஆட்டுத் தோலையே நாம் சிபாரிசு செய்வோம். காரணம் இதோ.

நம் ஊர்ப் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஆவாரஞ்செடி, அதன் பட்டையில் தோலைப் பதனிடும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. ஆவாரம்பட்டை ஊறலில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் முடித்த சென்னை மாகாணத்துத் தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயருடன் லண்டன் சந்தைக்குப் போயிற்று. 1914-ல் மூண்ட மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கும் அது பயன்பட்டது. நாம் அனுப்பியதோ பாதி முடிந்த சரக்கு. சாயமும் மெருகும் ஏற்றிப் பெரும் பணம் பார்த்தவர்கள் அந்நியர்கள். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகே, 1970-களில், அரைகுறைச் சரக்காக ஏற்றுமதி செய்வதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. இன்று ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் முழுப் பொருளாகவே கப்பலேறுகிறது. ஆவாரம்பட்டையின் இடத்தை வெளிநாட்டு வேலம்பட்டைச் சத்து பெரும்பாலும் பிடித்துக்கொண்டது உண்மை. ஆனாலும் பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோல் திண்டுக்கல், திருச்சி பக்கங்களில் இன்னும் கிடைக்கிறது.

வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளும் புறமும் பழுப்பாயிருக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோலின் நடுவே பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். வீட்டு வேலைக்குப் பட்டைத் தோலே உகந்தது. ஏனெனில் அதன் ஓரத்தை நீர் தொட்டு வழவழப்பான கட்டையால் தேய்த்தால் பளபளவென்று படிந்துவிடும்.

முதலில் கெட்டிக் காகிதத்தில் பையின் உருவத்தை வெட்டி, ஒட்டி, கையில் மாட்டிப் பார்க்க வேண்டும். காகிதத்தில் நேரும் பிழைக்கு நஷ்டமில்லை. பின்னர் தோலின் மீது பரப்பும்போது, வாருக்கும் முன்பக்கத்துக்கும் முதுகுப் பாகத்தை ஒதுக்குங்கள். வயிற்றுப் பாகம் இழுபடும். அதில் வார் வெட்டினால் நாலு மாதத்தில் நீண்டு தொங்கும். மடிக்கும் ஓரங்களை உட்புறம் மெல்லியதாகச் சீவிக்கொள்ள வேண்டும்.

தையல்தான் இதில் பிரதானம். குத்தூசியால் சம தூரத்தில் துளையிட்டு, தையல் நீளத்தைப்போல் நாலு மடங்கு நூலெடுத்து, தேன்மெழுகு தடவி, இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் புகுந்து வெளிவர வேண்டும். சேணம் தைப்பவர்களின் முறை இது. இயந்திரத் தையலில் நூல் ஓரிடத்தில் அறுந்தால் அங்கிருந்து பிரிந்துகொண்டே போகும். இதில் ஓர் இழை அறுந்தாலும் மற்றோர் இழை பிடித்து நிற்கும். மேல்நாட்டின் விலையுயர்ந்த கைப்பைகளுக்குப் பேர் வாங்கித் தந்ததும் இதே தையல்தான். அதற்கு முதலை வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

தோல் வேலை நமக்கெதற்கு என்று முகம் சுளிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தோற்பையைத் தோளில் மாட்டுவதற்கு இல்லாத கூச்சம், அதைத் தைப்பதற்கு மட்டும் ஏன்? தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் மகாத்மா காந்தி செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி செய்து கொடுத்தார். பாரிஸ்டர் பட்டம் அதனால் குறைந்துபோகவில்லை. தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைக் காப்பாற்றி வந்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த பாவத்தை ஒரு கைப்பை கழுவிவிடாதுதான். எனினும் குத்தூசி பிடித்து நாலு அங்குலம் தைத்துப் பார்த்தவர், தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கூலிக்குப் பேரம் பேசமாட்டார்.

கோடை விடுமுறையில் வீட்டுக்கு ஓர் ஆட்டுத் தோல் வாங்குங்கள். ஊசி பிடிக்கும் முறையை அந்தப் பெரியவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். சாரைப்பாம்பு வரப்பில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.