டேப்பை எங்கே வைக்கிறீங்க?

வட்டக் கழுத்து டி-சர்ட் ஒன்றை மேசையில் விரித்தால் கையும் அடிமடிப்பும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முன் எது, பின் எது என்று காட்டிக்கொடுப்பது கழுத்து. முன்கழுத்து இறக்கம் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை போகும். பின்கழுத்துக்கு 2 போதும். மனிதக் கழுத்து தோளிலிருந்து நட்டுக்குத்தலாக எழுவதில்லை, கொஞ்சம் முன்னால் சாய்ந்தே எழுகிறது. முன்கழுத்தை உயர்த்தினால் தொண்டையைப் பிடிக்கும். பின்கழுத்தை இறக்கினால் முதுகு தெரியும்.

உள்நாட்டு பனியன் வியாபாரத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பெரிதாகத் தேவைப்படவில்லை. 80, 85, 90 என்று நெஞ்சுச் சுற்றளவைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவார். 1970-களின் கடைசியில் இத்தாலி வியாபாரிகள் திருப்பூருக்கு வரத் தொடங்கிய பிறகுதான் மெஷர்மென்ட் சார்ட் நீண்டது. அளவுகளின் கலவையும் அப்படியே நிலைத்துவிட்டது. நூலின் கவுண்ட் ஒரு பவுண்டுக்கு எத்தனை 840 கஜக் கண்டு என்ற பழைய இங்கிலாந்துக் கணக்கு. நிட்டிங் மெஷினின் டயா அங்குலத்தில். துணியின் கனம் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். ஐரோப்பாவுக்குப் போகும் உடுப்பு சென்டிமீட்டரில். நான்கையும் ஒரே நாளில் ஒரே ஆள் பேசுவார், குழப்பம் வராது.

குழப்பம் வருவது வேறொன்றில்: எங்கிருந்து அளப்பது?

கழுத்தை ஒட்டித் தோளில் இருக்கும் உச்சிப் புள்ளியை கம்பெனிகளில் 'ஹெச்பிஎஸ்' என்பார்கள். உடல் நீளம், கழுத்து இறக்கம், பிரிண்ட் விழும் இடம் எல்லாம் அங்கிருந்து கணக்கு. தோள் தையல் அந்த உச்சியிலேயே உட்கார்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. சில டிசைன்களில் தையலை 2 சென்டிமீட்டர் முன்பக்கம் தள்ளி வைப்பார்கள். அப்போது தோள் உச்சியில் விழும் மடிப்பிலிருந்து 70 இருக்கும் உடுப்பு, தையலிலிருந்து அளந்தால் முன்னால் 68, தையலைச் சுற்றிப் பின்னால் போனால் 72. டேப் பொய் சொல்லவில்லை, தையலும் கெட்டுப்போகவில்லை. ஆனால் 1 சென்டிமீட்டர்தான் கூடக் குறைய அனுமதி என்றால் சரக்கு நின்றுவிடும். "மடிப்புல இருந்துங்களா, தையல்ல இருந்துங்களா?" என்று சாம்பிள் கட்டத்திலேயே கேட்டுவிடுகிற மெர்ச்சண்டைசர்தான் கம்பெனியின் சொத்து. என்னைக் கேட்டால் சார்ட்டில் உள்ள எண்களைவிட, எப்படி அளப்பது என்று காட்டும் கோட்டுப்படத்துக்குத்தான் முதல் மரியாதை.

பலகை விளையாட்டுகளிலும் இதே வழக்கு உண்டு. பனிச்சறுக்குப் பலகையில் இரண்டு கால்களுக்கு நடுவேயான தூரத்தை ஒரு காற்பிடியின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளப்பார்கள். ஆழமான பனியில் பலகையின் மூக்கு புதையாமலிருக்க நிற்கும் இடத்தைப் பின்னால் தள்ளுவார்கள். எதிலிருந்து பின்னால்? பலகையின் முழு நீளத்தின் நடுவிலிருந்தா, பனியைத் தொடும் விளிம்பின் நடுவிலிருந்தா? மூக்கு நீண்ட பலகையில் இரண்டும் ஒரே இடத்தில் விழாது. நம் மடிப்பும் தையலும்தான் அங்கே வேறு பெயரில்.

இடது வலதும் அப்படியே. அலைச்சறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இடது காலை முன்வைத்து நிற்பவர் ரெகுலர், வலது காலை முன்வைப்பவர் கூஃபி. அலையில் ஏறியவரின் வலப்புறம் உடைந்து போவது வலது அலை. கரையில் நின்று பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் ஓடும். பெயர் சொல்லும் உரிமை சவாரி செய்பவருக்கே. டி-சர்ட்டிலும் 'இடது நெஞ்சில் எம்ப்ராய்டரி' என்றால் போடுகிறவரின் இடது. மேசையில் விரித்துப் பார்க்கும் டெய்லருக்கு அது வலக்கைப் பக்கம்.

இத்தனையும் சரியாக இருந்தும் உடுப்பு ஏமாற்றக்கூடும். சிங்கிள் ஜெர்சி துணியில், நூலுக்குள் இருக்கும் முறுக்கு துவைத்த பின் விடுபடப் பார்க்கும். வளையங்கள் ஒரு பக்கமாகச் சாய, ஒரு பக்கத் தையல் வயிற்றுக்கு வரும், மற்றது முதுகுக்குப் போகும். நெஞ்சு சரி, நீளம் சரி, சட்டை மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் துவைத்துக் காயவைத்து, தையலின் அடிமுனை எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கிறார்கள். 5 சதவீதம் வரை ஏற்கும் வாங்குநர்கள் பலர். 45 சென்டிமீட்டர் தையலுக்கு அது இரண்டேகால் சென்டிமீட்டர்.

முறுக்கு குறைந்த நூல் வாங்கலாம். குழாயாக வரும் துணியைக் கீறி, அகலமாக விரித்து, சூட்டில் பதப்படுத்தியும் குறைக்கலாம். இரண்டுக்கும் காசு. சந்தையில் குவியலாகக் கிடக்கும் மலிவு டி-சர்ட்டுக்கு அந்தச் செலவை யாரும் செய்வதில்லை. மூன்று துவைப்புக்குப் பிறகு தையல் தொப்புள் பக்கம் வந்து நின்றால், வாங்கியவரும் கடைக்குத் திரும்பிப் போவதில்லை.