குறியும் அளவும்

நுழையும்முன்

எஞ்சினில் புதிய கேம் தண்டைப் பொருத்தும் தொழிலாளர், இரண்டு பற்சக்கரங்களிலும் உள்ள குறிகளை நேருக்கு நேர் நிறுத்துகிறார். பார்ப்பவர் பணி முடிந்தது என எண்ணுவர். தேர்ந்த தொழிலாளர் அதன் பிறகே அளவுக்கருவியைக் கையில் எடுக்கிறார். குறி பொருந்திய பின்னரும் அளந்து பார்ப்பது ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கேம் தண்டின் பணி

செருமனியைச் சேர்ந்த நிகோலஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டில் உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினின் அடிப்படை இன்றும் மாறவில்லை. உள்ளிழுத்தல், அழுத்துதல், விரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு வீச்சுகளும் நிறைவுறுவதற்குள் கிராங்க் தண்டு இருமுறை, அதாவது 720 பாகை சுழல்கிறது. அதே நேரத்தில் கேம் தண்டு ஒருமுறை மட்டுமே சுழல்கிறது. அதன்மேல் முட்டை வடிவ மேடுகள் அமைந்துள்ளன. மேடு உயரும்போது வால்வு திறக்கிறது. மேடு விலகியதும் சுருள்வில் வால்வை மூடுகிறது.

அமெரிக்காவின் செவ்ரோலே நிறுவனம் 1955ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய வி-8 எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் எட்டு உருளைகளுக்கும் உரிய 16 வால்வுகளை ஒரே கேம் தண்டு இயக்குகிறது. எனவே, அத்தண்டு சிறிது பிசகினால் 16 வால்வுகளின் காலமும் பிசகிவிடும்.

வேகத்திற்கான கேம் தண்டு

எஞ்சினின் திறனைக் கூட்ட விரும்புவோர், அகன்று உயர்ந்த மேடுகளைக் கொண்ட கேம் தண்டைப் பொருத்துவர். வால்வு மிகுதியாகத் திறந்து, நெடுநேரம் திறந்தே இருக்கும். நிமிடத்திற்கு 6000 சுற்று சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. இவ்வளவு குறுகிய காலத்தில் உருளை நிறைய வேண்டும். ஆதலால், பிஸ்டன் கீழ்முனையைக் கடந்து மேலேறத் தொடங்கிய பின்னரும் உள்ளிழு வால்வு சிறிது நேரம் திறந்திருக்கும். விரைந்து வரும் காற்று தன் உந்தத்தால் தொடர்ந்து உள்ளே நுழையும். குறைந்த வேகத்தில் அவ்வுந்தம் போதாது. நுழைந்த காற்றில் ஒரு பகுதியைப் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும்.

கேம் தண்டு சற்று முந்தி நின்றால் உள்ளிழு வால்வு விரைவில் மூடி, குறைந்த வேகத்தில் இழுவிசை கூடும். சற்றுப் பிந்தி நின்றால் உயர்வேகத்தில் திறன் கூடும். தொடக்க இழுவிசை குறையும்.

குறி ஏன் போதாது?

குறிகள் பற்களைத் தவறாகப் பொருத்தாமல் காக்கின்றன. கேம் பற்சக்கரத்தில் 36 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பல் தவறினால் கேம் தண்டு 10 பாகையும், கிராங்க் தண்டின் கணக்கில் 20 பாகையும் பிசகும். இப்பெரும்பிழையைக் குறி தடுத்துவிடும். ஆனால், ஓரிரு பாகைப் பிழையை அதனால் காட்ட இயலாது. மேடுகளைக் கடைவதில், பற்சக்கரத்தின் துளையில், சாவி பொருந்தும் பள்ளத்தில், சங்கிலியின் தளர்வில் என ஒவ்வோரிடத்திலும் சிறு வேறுபாடு நேரலாம். தனித்தனியே அவை பொறுக்கத்தக்கவை. ஒரே பக்கமாகச் சேர்ந்தால் பெரும்பிழையாகும்.

மேல்முனையைக் காணுதல்

அளவீடு முழுவதற்கும் தொடக்கம், முதல் உருளையின் பிஸ்டன் மேல்முனையில் நிற்கும் நிலையாகும். கிராங்க் தண்டின் முனையில் 360 பாகை குறித்த வட்டத்தட்டைப் பொருத்தி, அதன் விளிம்பருகே கம்பிமுள் ஒன்றை நிறுத்துவர். மேல்முனையைக் கண்ணால் கண்டறிய இயலாது. அவ்விடத்தில் கிராங்க் தண்டு சில பாகை சுழன்றாலும் பிஸ்டன் அசைவது தெரியாது.

இதற்கு எளிய வழி உண்டு. உருளையின் வாயில் ஒரு தடையைப் பொருத்தி, பிஸ்டன் அதைத் தொடும்வரை கிராங்க் தண்டைக் கையால் மெல்லச் சுழற்றுவர். பின்னர் எதிர்த்திசையில் சுழற்றி மீண்டும் தொடச்செய்வர். ஒருபுறம் 36, மறுபுறம் 44 எனக் காட்டினால், இருபுறமும் 40 வருமாறு தட்டின் நிலையைத் திருத்துவர். அவ்விரண்டிற்கும் நடுவே உள்ள சுழியமே உண்மையான மேல்முனை. தடையை அகற்றிய பிறகே அடுத்த பணியைத் தொடங்க வேண்டும்.

மேட்டின் நடுவைக் காணுதல்

அடுத்து, முதல் உருளையின் உள்ளிழு வால்வுக்குரிய டேப்பட்டின்மேல் டயல் கேஜை நிறுத்துவர். மேட்டின் உச்சியும் சிறிது தட்டையானதே. எனவே, இங்கும் இருபுறமும் அளந்து நடுவைக் காண்பதே முறை. உச்ச உயரத்திற்கு 1.27 மி.மீ. குறைவாக உள்ள இரண்டு நிலைகளில் தட்டு காட்டும் பாகைகளைக் குறிப்பர். ஏறும்போது 68, இறங்கும்போது 148 என வந்தால், கூட்டுத்தொகை 216. அதில் பாதி 108. அதாவது, மேட்டின் நடு, மேல்முனைக்குப் பின் 108 பாகையில் அமைகிறது.

கேம் தண்டுடன் வந்த விவரச்சீட்டு 106 எனக் கூறுமானால், தண்டு 2 பாகை பிந்தி நிற்கிறது என்பது பொருள். அளக்கும்போது எஞ்சினை அதன் இயல்பான திசையிலேயே சுழற்ற வேண்டும். நிலையைக் கடந்துவிட்டால் நன்கு பின்னோக்கிச் சென்று மீண்டும் முன்னோக்கி வரவேண்டும். இல்லையெனில் சங்கிலியின் தளர்வு அளவில் கலந்துவிடும். சாவிப்பள்ளங்கள் பல கொண்ட பற்சக்கரத்தால் பிழையைத் திருத்தலாம். திருத்திய பின்னும் அளத்தல் கட்டாயம்.

இடைவெளியும் பாதுகாப்பும்

வெளியேற்று வீச்சின் முடிவில் மேலேறும் பிஸ்டன், மூடிக்கொண்டிருக்கும் வெளியேற்று வால்வைத் துரத்துகிறது. அடுத்த கணத்தில் திறந்துவரும் உள்ளிழு வால்வு, கீழிறங்கும் பிஸ்டனைத் துரத்துகிறது. உயர்ந்த மேடுகள் இவ்விடைவெளியைக் குறைக்கின்றன. தண்டு முந்தினால் உள்ளிழு வால்வும், பிந்தினால் வெளியேற்று வால்வும் பிஸ்டனை நெருங்கும். இரண்டும் மோதினால் வால்வு வளையும், பிஸ்டன் உடையும்.

ஆகவே, பிஸ்டனின் தலையில் மென்களிமண்ணை வைத்து, எஞ்சினின் தலைப்பகுதியைப் பொருத்தி, கிராங்க் தண்டை இருமுறை கையால் சுழற்றுவர். பின்னர்த் தலைப்பகுதியைக் கழற்றி, வால்வு அழுத்திய களிமண்ணை வெட்டி, அதன் மெல்லிய பகுதியை அளப்பர். பொதுவாக உள்ளிழு வால்வுக்கு ஏறத்தாழ 2 மி.மீ., வெளியேற்று வால்வுக்கு 2.5 மி.மீ. இடைவெளியேனும் வேண்டும் என்பது தொழில்வழக்கு. சுழற்றும்போது சிறு தடை உணரப்பட்டாலும் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும்.

நிறைவாக

6000 சுற்று வேகத்தில் 2 பாகை என்பது ஒரு நொடியில் 18,000இல் ஒரு பங்கு. எந்தக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அச்சிறு காலத்தை, நின்றுகொண்டிருக்கும் எஞ்சினில், ஒரு தட்டையும் ஒரு முள்ளையும் கொண்டு அளந்துவிட முடிகிறது. குறியை நம்பி எஞ்சினை முடுக்கியவர், பிழையை உடைந்த பாகங்களில் காண்பார். அளந்தவர் அதை எண்ணில் கண்டு, முடுக்குவதற்கு முன்பே திருத்திவிடுவார்.