உங்களுக்குத் தெரியுமா? நாயகி மாறினால் வாசகர் கேட்பார்!

● 2011 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் ‘ஜஸ்டிஸ் லீக்’ முதல் இதழை வெளியிட்டது. அடுத்த மாதம் முழுக்க வாரந்தோறும் முதல் இதழ்கள்தான். மொத்தம் 52 தலைப்புகள் என்பதால் திட்டத்துக்குப் பெயரே ‘நியூ 52’. 1938இல் தொடங்கி 904 இதழ்கள் கண்டிருந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’கூட மறுபடி 1ஆம் எண்ணுக்குத் திரும்பியது. பல பத்தாண்டுக் கதைகளைத் தேடிப் படிக்காமலே புதியவர்கள் உள்ளே வரட்டும் என்பது எண்ணம். எண்ணம் நல்லதுதான். புதுப்பித்த நாயகிகளைப் பார்த்த வாசகிகள்தான் கேள்விகளோடு வந்தார்கள்.

● முதல் இதழ் கடைக்கு வருவதற்கு முன்பே கேள்வி தொடங்கிவிட்டது. அந்த ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் விழாவுக்கு பேட்கேர்ல் உடையில் வந்த ஒரு வாசகி, டிசி நடத்திய கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்: நாயகிகள் எங்கே, எழுதவும் வரையவும் பெண்கள் எங்கே? டிசி படைப்பாளிகளில் பெண்களின் பங்கு 12 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு ஏன் இறங்கியது என்ற கேள்வியும் அதே விழாவில் எழுந்தது. விழா முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிசியின் பொறுப்பாளர்களான ஜிம் லீயும் டான் டிடியோவும் அறிக்கை வெளியிட்டார்கள்: வாசகர் குரலைக் கேட்டோம், மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொள்கிறோம் என்று. எழுந்து நின்று கேட்ட சில கேள்விகளுக்குக் கிடைத்த பதில் அது.

● 52 தலைப்புகளின் தொடக்க எழுத்தாளர்களில் இருந்த ஒரே பெண் கெயில் சிமோன். அவரும் ஒரு வாசகியாக இருந்து வந்தவர்தான்! சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டிருந்த அவர், 1999இல் ஒரு பட்டியல் தயாரித்தார்: சூப்பர்ஹீரோ கதைகளில் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண்கள் யார் யார்? 1994இல் வந்த ‘கிரீன் லான்டர்ன்’ 54ஆம் இதழில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள். ‘குளிர்பதனப் பெட்டிக்குள் பெண்கள்’ என்று பட்டியலுக்குப் பெயர் அதிலிருந்துதான் வந்தது. நாயகனுக்குக் கோபம் மூட்டுவதற்காகவே ஒரு பெண்ணைச் சாகடிக்கும் வழக்கத்தை இன்றும் அந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

● ஸ்டார்ஃபயர் தெரியுமா? 1980இல் மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் படைத்த வேற்றுக்கிரக இளவரசி. 2003 முதல் 2006 வரை ஓடிய ‘டீன் டைட்டன்ஸ்’ கார்ட்டூன், அவளை உலகம் முழுதும் குழந்தைகளின் தோழியாக்கியது. வெள்ளை மனம், நண்பர்கள் மீது கொள்ளைப் பிரியம், சண்டை என்றால் கண்ணிலிருந்து பச்சை ஒளி! 2011 செப்டம்பரில் ஸ்காட் லாப்டெல் எழுதி, கென்னத் ரோகாஃபோர்ட் வரைந்த ‘ரெட் ஹூட் அண்ட் தி அவுட்லாஸ்’ முதல் இதழில் அவள் நீச்சலுடையில் வந்து நிற்கிறாள். பழைய நண்பர்கள் நினைவில் இல்லை. பாசமோ பழக்கமோ எதுவுமில்லாமல் பக்கத்தில் இருக்கும் ஆணைப் படுக்கைக்கு அழைக்கிறாள்.

ஒரு தாய் அந்தப் படங்களைத் தன் ஏழு வயது மகளிடம் காட்டிக் கருத்துக் கேட்டு எழுதினார். ஸ்டார்ஃபயர் என்றால் உயிரை விடும் குழந்தை அது. பழைய ஸ்டார்ஃபயர் நல்ல தோழி, மற்றவர்களுக்கு உதவுகிறவள் என்றது. புதியவள் யாரோடும் சண்டை போடவில்லை, யாரோடும் ஒழுங்காகப் பேசவுமில்லை, உடம்பைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறாள் என்றது. விமர்சகர்கள் பத்தி பத்தியாக எழுதியதை அந்தக் குழந்தை நாலு வரியில் சொல்லிவிட்டது. இதழின் வயது வரம்புக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள் என்று டிசி பதில் சொன்னது. பதின்வயதினருக்கு என்று அட்டையில் அச்சிட்டிருந்தது உண்மைதான். ஆனால் குழந்தை கேட்டது வயதைப் பற்றியா? என் தோழியின் குணம் எங்கே போயிற்று என்று கேட்டாள். அதற்கு எந்தக் குறியீடும் பதிலாகாது.

● அதே வாரம் வந்தது ‘கேட்வுமன்’ முதல் இதழ். கதை ஜட் வினிக், ஓவியம் கியெம் மார்ச். அவள் முகத்தைக் காண்பதற்கு முன்பே உள்ளாடையையும் உடலின் துண்டுகளையும்தான் வாசகர் காண நேர்ந்தது. கேட்வுமன் கவர்ச்சியானவள்தானே, இதில் என்ன புதுமை என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: 2002இல் எட் புருபேக்கரும் டார்வின் குக்கும் தந்த கேட்வுமனைப் பாருங்கள். கூரைமேல் ஓடத் தோதான தட்டைக் காலணி, கண்ணுக்குக் கண்ணாடி, கழுத்து வரை மூடிய தோலுடை. கவர்ச்சி கொஞ்சமும் குறையவில்லை. வாசகிகள் அவளைக் கொண்டாடவும் செய்தார்கள்.

● விற்பனை அடிவாங்கியதா? இல்லை. 52 முதல் இதழ்களும் விற்றுத் தீர்ந்ததாக டிசி அறிவித்தது. பிறகு நீல்சன் நிறுவனத்தைக் கொண்டு எடுத்த வாசகர் கணக்கெடுப்பில் 93 சதவீதம் ஆண்கள் என்று வந்தது. பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை என்பதற்குச் சிலர் இந்த எண்ணைச் சான்றாகக் காட்டினார்கள். பெண்களை வரவேற்காத கடையில் பெண்கள் குறைவாக இருப்பதுதானே இயல்பு?

● இந்த மறுதொடக்கத்திலேயே மிகக் கடினமான விவாதம் பேட்கேர்லைச் சுற்றித்தான் நடந்தது. 1967 ஜனவரி தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 359ஆம் இதழில் அறிமுகமான பார்பரா கோர்டன் ஒரு நூலகர். 1988இல் ஆலன் மூர் எழுதி, பிரையன் போலண்ட் வரைந்த ‘தி கில்லிங் ஜோக்’ கதையில் ஜோக்கர் சுட்டதில் அவள் இடுப்புக்குக் கீழே செயலிழந்தாள். அவள் கதை அத்தோடு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். கிம் யேலும் அவர் கணவர் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அப்படி விட மனமில்லாமல், 1989இல் ‘சூசைட் ஸ்குவாட்’ 23ஆம் இதழில் அவளை ‘ஆரக்கிள்’ என்ற பெயரில் மறைமுகமாகக் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்து, கணினி வழியே உலகத்துத் தகவல்களையெல்லாம் திரட்டி, பேட்மேனுக்கே வழிகாட்டும் மூளை!

இருபது வருடங்களுக்கு மேல் ஆரக்கிளாக வாழ்ந்தாள். உடல் ஊனமுற்ற வாசகர்கள் பலருக்கு, பரிதாபத்துக்குரியவளாக இல்லாமல் தலைவியாக வந்த ஒரே நாயகி அவள். 2011இல் அவளை நடக்க வைத்து மீண்டும் பேட்கேர்ல் ஆக்கினார்கள். எழுதியவர், ஆரக்கிளை வருடக்கணக்கில் நேசித்து எழுதிய அதே கெயில் சிமோன். பேட்கேர்ல் திரும்பினாள் என்று ஒரு பக்கம் கொண்டாட்டம்; எங்களவளைப் பறித்துவிட்டார்கள் என்று மறுபக்கம் கண்ணீர். பேட்மேனின் முதுகெலும்பு முறிந்தபோது சில மாதக் கதைகளில் சரியானது, அப்போது யாரும் கேட்கவில்லையே என்ற வாதமும் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் மனம் ஆரக்கிளை இழந்தவர்கள் பக்கம்தான். பறக்கும் நாயகிகள் நூறு பேர் உண்டு. சக்கர நாற்காலியிலிருந்து ஒரு நகரையே காத்தவள் அவள் ஒருத்திதான்.

● 2012 டிசம்பரில் சிமோனை ‘பேட்கேர்ல்’ தொடரிலிருந்து நீக்கியதாக மின்னஞ்சல் வந்தது. வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதத்துக்குள் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது டிசி!

● டிசி கதைகளில் அரசு அதிகாரியாக வரும் அமாண்டா வாலர் 1986இல் அறிமுகமானவள். மந்திரசக்தி எதுவும் கிடையாது. நடுவயது, கறுப்பினப் பெண், பருத்த உடல், பேட்மேனை நேருக்கு நேர் நின்று விரட்டும் துணிச்சல். 2011இல் அவளையும் இளைத்த அழகியாக வரைந்துவிட்டார்கள். சூப்பர்ஹீரோ உலகில் அப்படி ஒரு உடம்போடு, அத்தனை அதிகாரத்தோடு இருந்தவள் ஏறக்குறைய அவள் மட்டும்தான் என்று வாசகர்கள் வருந்தியதில் தவறே இல்லை.

● வொண்டர் வுமனுக்கு முழுக்கால்சட்டை வேண்டுமா, வேண்டாமா? 2010இல் வந்த 600ஆம் இதழில் ஜிம் லீ அவளுக்குக் கால்சட்டையும் மேலங்கியும் மாட்டிவிட்டார். நாளிதழ்கள்கூடச் செய்தி போட்டன. நியூ 52 விளம்பரப் படங்களிலும் கால்சட்டை இருந்தது. இதழ் கைக்கு வந்தபோது கால்சட்டையைக் காணவில்லை!

● உடையைவிடப் பெரிய மாற்றம் அவள் பிறப்பில் நடந்தது. தாய் களிமண்ணால் செய்த குழந்தைக்கு தெய்வங்கள் உயிர் கொடுத்தன என்பது பழைய கதை. பிரையன் அசரெல்லோ எழுதிய புதிய கதையில் அவள் ஜீயஸ் கடவுளின் மகள். தந்தையே இல்லாமல் பெண்கள் மட்டுமே வளர்த்தெடுத்த நாயகி என்ற தனிச்சிறப்பு போயிற்றே என்று நெடுநாள் வாசகிகள் குமுறினார்கள். க்ளிஃப் சியாங்கின் ஓவியத்தைப் புகழ்ந்தவர்கள்கூட இந்தக் குறையைச் சொன்னார்கள்.

● இவளுக்கு இது முதல் அனுபவமில்லை. 1968இல் டென்னிஸ் ஓ'நீலும் மைக் செகாவ்ஸ்கியும் அவளை நவீனமாக்கப் புறப்பட்டார்கள். சக்தி எல்லாவற்றையும் துறந்து, தற்காப்புக் கலை கற்று, நகரத்தில் ஒரு துணிக்கடை நடத்தினாள் வொண்டர் வுமன். சொந்தக் காலில் நிற்கும் பெண்ணைப் படைக்கிறோம் என்றே படைப்பாளிகள் நம்பினார்கள். சிறுவயதில் அவளைப் படித்து வளர்ந்த பெண்ணியவாதி க்ளோரியா ஸ்டைனமுக்கோ, உலகின் மிக வலிமையான நாயகியிடமிருந்து வலிமையைப் பிடுங்கியதாகப் பட்டது. 1972 ஜூலையில் தன் ‘மிஸ்’ பத்திரிகையின் அட்டையில் பழைய உடையோடு, நகரத் தெருவில் ராட்சத உருவமாக அவளை நடக்கவிட்டார். 1973 தொடக்கத்தில் 204ஆம் இதழில் சக்தியும் உடையும் திரும்பின.

அந்த வெற்றி ஒரு பலியும் வாங்கியது. அப்போது சாமுவேல் டிலேனி, பெண் ஊழியர்களைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கும் கடை முதலாளியை எதிர்க்கும் கதையை அதே தொடரில் எழுதத் தொடங்கியிருந்தார். 203ஆம் இதழோடு அது நின்றுபோனது. பழைய உடை திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்தக் கதை தொடர்ந்திருக்கலாமே என்ற ஆதங்கமும் கூடவே உண்டு.

● பேட்வுமன் கேட் கேன், தன் காதலி மேகி சாயரிடம் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டது 2013இல். அந்தத் திருமணத்தை டிசி அனுமதிக்கவில்லை என்று சொல்லி ஜே.எச். வில்லியம்ஸும் ஹேடன் பிளாக்மனும் தொடரை விட்டே விலகினார்கள்.

● மார்வெல் நிறுவனத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நீச்சலுடை மாதிரியான கறுப்பு உடையில் பல்லாண்டு பறந்த கேரல் டான்வர்ஸ், 2012 ஜூலையில் விமானிகளின் சீருடையை ஒத்த புதிய உடையோடு ‘கேப்டன் மார்வெல்’ ஆனாள். எழுதியவர் கெல்லி சூ டிகானிக். உடையை வடிவமைத்தவர் ஜேமி மெக்கெல்வி. வாசகிகள் தங்களைக் ‘கேரல் கோர்’ என்று அழைத்துக்கொண்டு, தாங்களே தைத்த அந்த உடையில் விழாக்களுக்கு வரத் தொடங்கினார்கள்.

● கேரல் விட்டுச்சென்ற ‘மிஸ் மார்வெல்’ பெயரை 2014இல் எடுத்துக்கொண்டவள் கமலா கான். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய அமெரிக்கப் பதின்வயதுப் பெண். ஜி. வில்லோ வில்சன் எழுதிய முதல் தொகுதி 2015இல் ஹியூகோ விருது பெற்றது. அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் பேருந்துகளில் இஸ்லாமியருக்கு எதிரான விளம்பரங்கள் வந்தபோது, அவற்றின் மேல் யாரோ கமலாவின் படங்களை ஒட்டி மறைத்தார்கள். ஒரு காமிக்ஸ் நாயகிக்கு இதைவிடப் பெரிய வரவேற்பை நான் கேள்விப்பட்டதில்லை.

● டிசியும் கற்றுக்கொண்டது. 2014 அக்டோபரில் கேமரன் ஸ்டூவர்ட், பிரெண்டன் ஃப்ளெட்சர், ஓவியர் பாப்ஸ் டார் மூவரும் பேட்கேர்லுக்குத் தோல் ஜாக்கெட்டும் மஞ்சள் பூட்ஸும் கொடுத்தார்கள். வடிவம் வெளியான உடனேயே ரசிகர்களின் ஓவியங்கள் குவிந்தன. இரண்டு மாதம் கழித்து 37ஆம் இதழின் வில்லன் பாத்திரம் திருநர்களைப் புண்படுத்துவதாக அதே வாசகர்கள் சொன்னபோது, படைப்பாளிகள் மன்னிப்புக் கேட்டார்கள். தொகுப்பு நூலில் அந்தப் பகுதியைத் திருத்தினார்கள். 2015 மார்ச்சில், அழும் பேட்கேர்லை ஜோக்கர் அணைத்து நிற்கும் ஒரு மாற்று அட்டைக்கு எதிர்ப்பு எழுந்தது. வரைந்த ரஃபேல் ஆல்புகெர்க்கே தானே முன்வந்து அதைத் திரும்பப் பெறக் கேட்டுக்கொண்டார். அட்டை வேண்டும் என்றும் ஒரு கூட்டம் குரல் கொடுத்தது. வரைந்தவரின் விருப்பமே வென்றது.

● ஸ்டார்ஃபயர் என்ன ஆனாள்? 2015 ஜூனில் அவளுக்கென்றே தனித் தொடர் வந்தது. அமாண்டா கானரும் ஜிம்மி பால்மியாட்டியும் எழுத, இமானுவேலா லுப்பாக்கினோ வரைந்தார். பூமியின் பழக்கவழக்கம் புரியாமல் விழிக்கும் வெள்ளை மனம் திரும்பி வந்தது. அதே ஆண்டு சிறுமிகளுக்காகவே டிசி தொடங்கிய ‘சூப்பர் ஹீரோ கேர்ல்ஸ்’ வரிசையிலும் அவளுக்கு இடம் கிடைத்தது.

● உங்கள் வீட்டுப் பெண் குழந்தைக்கு அடுத்த முறை படக்கதை வாங்கிக் கொடுத்தால், படித்து முடித்ததும் அந்த நாயகியைப் பிடித்திருக்கிறதா, ஏன் என்று கேளுங்கள். அவள் சொல்வதை ஒரு கடிதமாக எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவையுங்கள்.